கம்பெனியைக் கோர்ட்டில் ஏற்றுவது எப்படி? நோட்டேக்கர் வைத்திருப்போருக்கு ஓர் எளிய கையேடு

மீட்டிங்கில் மினிட்ஸ் யார் எழுதுவது என்ற கேள்விக்கு நம் அலுவலகங்களில் நெடுங்காலமாக ஒரே பதில்தான்: டீமில் கடைசியாகச் சேர்ந்தவர். அவரும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, யார் பேச்சை எழுத வேண்டும், யார் பேச்சை எழுதினால் வேலை போகும் என்று முகம் பார்த்தே கற்றுக்கொள்வார். டெலிவரி ஹெட் மேசையில் அடித்து, "அந்த கிளையன்டுக்கு அறிவே கிடையாது" என்று கத்தினால், நோட்டில் "கிளையன்ட் தரப்பின் தேவைகளை மேலும் தெளிவாகக் கேட்டறிய வேண்டும் என்று கருத்து தெரிவிக்கப்பட்டது" என்று விழும். இருபது நிமிஷச் சண்டை "விவாதிக்கப்பட்டது" என்ற ஒரு சொல்லுக்குள் போய் ஒடுங்கிவிடும். மினிட்ஸில் எழுதுவது பாதி, எழுதாமல் விடுவது மீதி. அந்த மீதிப் பாதிதான் கம்பெனிகளைக் காப்பாற்றி வந்தது.

இப்போது அந்தத் தொல்லை விட்டது. ஓட்டர், ஃபயர்ஃபிளைஸ், ரீட் ஏஐ என்று மீட்டிங்கைக் கேட்டுத் தானாகவே குறிப்பெடுக்கும் ஏஐ நோட்டேக்கர் ஆளுக்கொன்று வந்தாயிற்று. ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் மூன்றும் தங்களுக்கென்று சொந்தமாகவே ஒன்று வைத்திருக்கின்றன. காது உண்டு, கை உண்டு, முகம் பார்க்க மட்டும் தெரியாது. சரியான முறையில் பயன்படுத்தினால், ஓ.எம்.ஆரில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து நடக்கிற சின்ன கம்பெனிகூட அமெரிக்கா, ஜெர்மனி, இந்தியா என்று மூன்று நாட்டுச் சட்டத்திலும் ஒரே மணி நேரத்தில் மாட்டிக்கொள்ளலாம். செலவு அதிகமில்லை.

அழைக்காமலே வரட்டும்

முதலில் இலவசத் திட்டத்தில் சேருங்கள். ஆபீஸ் மெயில் ஐடியைக் கொடுங்கள். காலண்டரைப் பார்க்க அனுமதி கேட்கும், கொடுங்கள். எல்லா மீட்டிங்கிலும் தானாகவே சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்கும், அதற்கும் சரி சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். மறப்பதுதான் முக்கியம். ஐ.டி. டீமிடம் கேட்கப் போகாதீர்கள். கேட்டால் செக்யூரிட்டி ரிவ்யூ என்பார்கள், வெண்டரோடு ஒப்பந்தம் எங்கே என்பார்கள், நம் பேச்சு எந்த நாட்டு சர்வரில் போய் உட்காருகிறது என்பார்கள். மூன்று மாதம் ஓடிவிடும்.

இனி உங்கள் காலண்டரில் எது இருக்கிறதோ அங்கெல்லாம் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு அது வந்து நிற்கும். நீங்கள் லீவு போட்டுத் திருநெல்வேலிக்குப் போயிருந்தாலும் வரும். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சொந்தம் என்றும் நினைத்துக்கொள்ள, இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் ஒருவர் இருப்பாரே, அவர்தான் இது. காலில் இருக்கும் பதினான்கு பேரும் வேறு யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைப்பார்கள். லாபியில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து விட ஹோஸ்டுக்குப் பொறுமை இருக்காது. எல்லோரையும் ஒரே தட்டில் உள்ளே விடுவார்.

உள்ளே வந்ததும், "நான் குறிப்பெடுக்க வந்திருக்கிறேன்" என்று சாட்டில் ஒரு வரி போடுகிற பாட்கள் உண்டு. இந்த நேர்மை உங்கள் திட்டத்துக்கு ஆகாது. அதற்கும் இப்போது மருந்து வந்துவிட்டது. மீட்டிங்குக்குள் பாட் என்று எதுவும் வராமல், உங்கள் லேப்டாப்பில் ஓடும் ஒலியையே பிடித்து எழுதும் செயலிகள் இருக்கின்றன. பங்கேற்பாளர் பட்டியலில் பெயர் இருக்காது, எதிரில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. வழக்கு என்று வரும்போது "மறைத்து வைத்துப் பதிவு செய்தார்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுத வசதியாக இருக்கும்.

சம்மதம் கேட்பது மரியாதைக் குறைவு

இந்தக் கட்டத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான்.

அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு ஃபெடரல் ஒட்டுக்கேட்புச் சட்டப்படி, பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதித்தாலே பதிவு செய்யலாம். நீங்களே பேசுகிறீர்கள், நீங்களே சம்மதித்துவிட்டீர்கள், முடிந்தது. இதைப் படித்துவிட்டு மனம் தளர்ந்துவிடாதீர்கள். மாநிலங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியா அதற்கு ஓராண்டு முன்பே, 1967-இல், தனியாக ஒரு சட்டம் போட்டுவிட்டது. ரகசியமான உரையாடலைப் பதிவு செய்ய அங்கே பேசுகிற எல்லோருடைய சம்மதமும் வேண்டும். மீறினால் குற்ற வழக்கு ஒரு பக்கம். பாதிக்கப்பட்டவர் சிவில் வழக்கு போட்டு மீறல் ஒன்றுக்கு 5,000 டாலர் கேட்கலாம் என்பது மறுபக்கம். அவருக்கு நஷ்டம் ஏற்பட்டதென்று காட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. வாரம் ஒரு ஸ்டேட்டஸ் கால், எதிர்முனையில் சான் ஹோசேயில் ஆறு பேர் என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"நாம் உட்கார்ந்திருப்பது சோழிங்கநல்லூரில். கலிஃபோர்னியா சட்டம் இங்கே எப்படி வரும்?" என்று யாராவது கேட்பார்கள். அட்லான்டாவில் இருந்த ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் கிளையும் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தது. அட்லான்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் சம்மதம் போதும். ஆனால் கலிஃபோர்னியாவில் இருந்த வாடிக்கையாளர்களின் போன் பேச்சை அங்கிருந்து பதிவு செய்தார்கள். வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், 2006-இல் கலிஃபோர்னியா சட்டம்தான் செல்லும் என்று தீர்ப்பானது. பதிவு செய்கிற பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்பதைவிட, பதிவாகிற வாய் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்தார்கள். சோழிங்கநல்லூர் ஜார்ஜியாவைவிடக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் ஒரு கிளையோ வங்கிக் கணக்கோ கிளையன்டோ வைத்திருக்கிற கம்பெனிக்கு அந்தத் தூரம் பெரிய ஆறுதல் ஆகாது.

நோட்டேக்கர் மேலேயே நேராக வழக்கு வந்ததும் உண்டு. 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஃபெடரல் கோர்ட்டில் ஓட்டர் நிறுவனத்தின் மேல் ஒரு கிளாஸ் ஆக்ஷன் தொடுக்கப்பட்டது. தொடுத்தவர் ஓட்டரின் வாடிக்கையாளரே இல்லை. ஜூம் காலில் எதிரில் இருந்தவர் ஓட்டர் வைத்திருந்தார். தன் சம்மதம் இல்லாமல் தன் பேச்சைப் பதிவு செய்து, மாடலைப் பழக்கவும் பயன்படுத்துகிறார்கள் என்பது புகார். மற்றவர்களிடம் சம்மதம் வாங்கும் பொறுப்பை அந்த நிறுவனம் கணக்கு வைத்திருப்பவர் தலையில் கட்டிவிடுகிறது என்பதும் புகாரில் இருக்கிறது. கணக்கு வைத்திருப்பவர் யாரென்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அது நீங்கள்தான். பதிவு செய்யும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பெட்டியில் டிக் அடித்தீர்களே, அது இதற்குத்தான்.

இல்லினாய் மாநிலத்தில் கிளையன்ட் இருந்தால் இன்னும் சிறப்பு. யார் பேசுவது என்று நோட்டேக்கர் குரலை வைத்துப் பிரித்தறிந்தால், அது குரல் ரேகை எடுக்கிறது என்று வாதம் எழும். எழுத்துமூலம் ஒப்புதல் வாங்காமல் குரல் ரேகை எடுக்க 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே தடை விதிக்கிறது. கவனக்குறைவாகச் செய்தால் 1,000 டாலர், தெரிந்தே செய்தால் 5,000.

ஜெர்மனி இன்னும் கறார். அங்கே குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, பொதுவில் பேசாத பேச்சை அனுமதி இல்லாமல் பதிவு செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை. சிறை என்றால் கம்பெனிக்கு இல்லை, பட்டனை அழுத்திய ஆளுக்கு. அதோடு, ஊழியர்களின் நடத்தையையோ வேலைத்திறனையோ கண்காணிக்கக்கூடிய கருவி எதையும் தொழிலாளர் கவுன்சிலைக் கேட்காமல் உள்ளே கொண்டுவர முடியாது. யார் எத்தனை நிமிஷம் பேசினார், யார் குறுக்கே பேசினார் என்று சதவீதம் போட்டுக் காட்டுகிற நோட்டேக்கரை ஃப்ராங்க்ஃபர்ட் அலுவலகத்து காலில் விட்டுப் பாருங்கள். கவுன்சில்காரர்கள் உங்கள் பெயரை வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து 2017-இல் சொன்னார்கள். ஆறு ஆண்டு கழித்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடப்புக்கு வருகின்றன. அரசாங்கமே இவ்வளவு நிதானமாக இருக்கும்போது நீங்கள் ஏன் பறக்க வேண்டும்? சம்மதம் என்றால் தாராளமாக, தெளிவாக, எதற்கென்று தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்கிற வசதியும் தரவேண்டும், தமிழ் உட்பட. பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டுத் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். வேலை சம்பந்தமான சில காரியங்களுக்கு ஊழியர் சம்மதம் தனியாகத் தேவையில்லை என்று சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது, அதை ஹெச்.ஆர். மேடம் இழுக்கிற வரை இழுப்பார். இன்டர்வியூவுக்கு வந்த பையனும், வெண்டர் கம்பெனி அக்கவுன்டன்டும் உங்கள் ஊழியர்கள் இல்லை என்பதை அப்போது யாரும் அவருக்கு நினைவூட்ட வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று. தப்பித் தவறிகூட மீட்டிங் தொடக்கத்தில், "இதைப் பதிவு செய்யப் போகிறோம், யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிடாதீர்கள். எட்டு வினாடி வேலை. யாரும் மறுக்காமல் தொடர்ந்து பேசினால், அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது சம்மதமாகிவிடும். இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் வீண்.

எழுதியதைப் படிக்கவே வேண்டாம்

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டேட்டஸ் கால். சென்னை கான்ஃபரன்ஸ் ரூமில் ஆறு பேர், நடுவில் ஒரே லேப்டாப். பிராஜெக்ட் மேனேஜர் கேட்கிறார்:

"டெஸ்டிங் டீம் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவாங்களா?"

மூலையிலிருந்து ஒரு குரல்: "ஆமா, குடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க."

ரூமே சிரிக்கிறது. நோட்டேக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு மணிக்கு எல்லோருக்கும் மெயில் வருகிறது. "வெள்ளிக்கிழமைக்குள் சோதனையை முடித்துத் தருவதாக டெஸ்டிங் டீம் உறுதி அளித்தது. பொறுப்பு: டெஸ்டிங் லீட்." டெஸ்டிங் லீட் அந்த காலில் இல்லவே இல்லை. அவருடைய நோட்டேக்கர் இருந்தது. ஆகவே அவர் வந்திருந்தார் என்று வருகைப் பட்டியல் சொல்கிறது. மூலையில் கிண்டலடித்தவர் பெயரும் வரவில்லை. ஒரே லேப்டாப் என்பதால் ஆறு பேர் பேச்சும் லேப்டாப்காரர் கணக்கிலேயே ஏறியிருக்கிறது, கிளையன்டைத் திட்டியது உட்பட.

இந்த மெயில் கிளையன்டுக்கும் போயிருக்கிறது. ஒப்பந்தப்படி காலக்கெடு பற்றித் தகராறு வந்தால், "உங்கள் ஆட்களே எழுத்தில் கொடுத்தார்களே" என்று இதைத்தான் நீட்டுவார்கள். யாரும் மறுத்து எழுதவில்லை என்பது அவர்களுக்குக் கூடுதல் பலம். ஆகவே நான் சொல்கிற விதி எளிது: சுருக்கம் வந்தால் திறக்காதீர்கள், திறந்தாலும் திருத்தாதீர்கள். திருத்தினால் அதைப் படித்ததற்கு அத்தாட்சி ஆகிவிடும்.

நடக்காததை எழுதுவதிலும் இந்த இயந்திரங்களுக்குத் தேர்ச்சி உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்ற பேச்செழுத்து மாடலை அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு துண்டில், யாருமே சொல்லாத வாக்கியங்களை அது தானாகச் சேர்த்திருந்தது. அப்படிச் சேர்த்தவற்றில் 38 விழுக்காடு ஆபத்தானவை: நடக்காத வன்முறை, இல்லாத உறவுமுறை, போலியான அதிகாரத் தோரணை. பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு தடுமாறுகிறவர்களின் குரலில் இது கூடுதலாக நடந்தது. பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் விழுகிற இடங்களையும் ஆய்வாளர்கள் சுட்டினார்கள்.

நீண்ட மௌனம் என்றால் நம் அலுவலகத்தில் எப்போது விழும் என்று உங்களுக்குத் தெரியும். "எனி கொஸ்டின்ஸ்?" என்று எம்.டி. கேட்ட பிறகு.

எல்லோரும் போன பிறகும் விடாதீர்கள்

கால் முடிந்ததும் லைனில் தங்கி நாலு வார்த்தை பேசுவது நம் மரபு. கிளையன்ட் போய்விட்டாரா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, "அப்பாடா, என்ன ஆளுப்பா இவன்" என்று தொடங்குவோம். பாட் போய்விட்டதா என்று யாரும் கேட்பதில்லை. மீட்டிங் ஓடுகிறவரை அது உட்கார்ந்திருக்கும்.

2024-இல் அமெரிக்காவில் ஒருவர் ஒரு முதலீட்டு நிறுவனத்தோடு ஜூமில் பேசினார். அவர் வெளியேறிய பிறகு முதலீட்டாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதெல்லாம் நோட்டேக்கர் வழியாக அவர் மெயிலுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. தொழிலின் உள்விவகாரங்கள் முழுக்க அதில் இருந்தன. அவர் அந்த முதலீடே வேண்டாம் என்று விட்டுவிட்டார். இன்வைட்டில் பெயர் உள்ள எல்லோருக்கும் தானாக அனுப்பு என்ற ஒரு அமைப்பு செய்த வேலை இது. உங்கள் நோட்டேக்கரில் அந்த அமைப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கை வைக்காதீர்கள்.

வக்கீலும் போர்டும்

வக்கீலோடு பேசும்போது நோட்டேக்கர் அவசியம். கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்கிறது நம் சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு. அந்தப் பாதுகாப்பு ரகசியத்தின் மேல்தான் நிற்கிறது. மூன்றாவது ஆளின் சர்வரில் பேச்சு போய் உட்கார்ந்து, அங்கிருந்து சேல்ஸ் டீமுக்கும் சுருக்கம் மெயிலில் போனால், எது ரகசியம் என்று எதிர்த்தரப்பு கேட்கும். அமெரிக்க வழக்குகளில் இந்தக் கேள்வியைக் கேட்டே பிழைக்கிற வக்கீல்கள் உண்டு. நம் கம்பெனியிலேயே சம்பளம் வாங்குகிற சட்ட ஆலோசகருக்கு அந்த 132 பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாதி வேலை அவர்களே செய்து கொடுத்துவிட்டார்கள்.

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால், போர்டு மீட்டிங்குக்கும் அழைத்து வாருங்கள். விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவலை யாரிடம் பகிர்ந்தாலும் அவர் பெயரையும் பான் எண்ணையும் ஒரு டிஜிட்டல் பதிவேட்டில் ஏற்றி, எட்டு ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது செபியின் உள்வணிக விதி. காலாண்டு முடிவைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டின் பான் எண்ணைக் கம்பெனி செக்ரட்டரி எங்கிருந்து கொண்டுவருவார் என்பது அவர் கவலை.

அவருக்கு இன்னொரு கவலையும் கொடுக்கலாம். கம்பெனிகள் சட்டப்படி மினிட்ஸ் 30 நாளுக்குள் எழுதி முடிக்கப்பட வேண்டும். அவதூறானது, சம்பந்தமில்லாதது, கம்பெனிக்குக் கேடானது என்று தலைவர் கருதுவதை விட்டுவிட அந்தச் சட்டமே அவருக்கு முழு உரிமை தருகிறது. எழுதாமல் விடும் அந்தக் கலைக்கு நாடாளுமன்றமே அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, பாருங்கள். தலைவர் யோசித்து விட்டுவிட்டதை நோட்டேக்கர் விடாது. ஆக ஒரே கூட்டத்துக்கு மூன்று வரலாறு. கையெழுத்திட்ட மினிட்ஸ் ஒன்று சொல்லும், டிரான்ஸ்கிரிப்ட் வேறு சொல்லும், ஆடியோ மூன்றாவதாக ஒன்று சொல்லும்.

போஷ் விசாரணையைப் பற்றி மட்டும் இந்தக் கையேடு கிண்டலை ஓரமாக வைத்துவிடுகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாரை உள் குழு விசாரிக்கும்போது, புகாரின் விவரம், புகார் கொடுத்த பெண், எதிர்மனுதாரர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளம், விசாரணை நடவடிக்கை எதையும் வெளியிடக்கூடாது என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. மீறினால் விதிகளில் உள்ள தொகை 5,000 ரூபாய். அந்தப் பெண் இழப்பதற்கு அது ஈடாகுமா என்று கேட்கவே வேண்டாம். குழு உறுப்பினர் ஒருவருடைய காலண்டரில் பழைய தானியங்கி அனுமதி கிடந்து, சாட்சியம் முழுதும் எழுத்தாகி, அவர் டீமின் பொதுக் கோப்பில் போய் விழுவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. மறதி போதும்.

அப்ரைசல் சீசன்

மார்ச், ஏப்ரலில் மேனேஜர்கள் எல்லோரும் ஒரு அறையில் அடைந்துகொண்டு யாருக்கு எந்த ரேட்டிங் என்று பேரம் பேசும் கூட்டத்துக்குக் கேலிப்ரேஷன் என்று பெயர். நோட்டேக்கர் மிகச் சிறப்பாக வேலை செய்யும் இடம் இது. "அந்தப் பொண்ணு மெட்டர்னிட்டி லீவுல போயிருச்சு, அதுக்கு எதுக்கு நாலு? மூணு போடு, இந்த வருஷம் கேக்காது." அடுத்த வரியிலேயே நோட்டேக்கர் சுத்தமாக எழுதிவிடும்: "மகப்பேறு விடுப்பில் இருப்பதால் ரேட்டிங் 4-இலிருந்து 3 ஆகக் குறைக்க முடிவு. பொறுப்பு: டீம் மேனேஜர். காலக்கெடு: திங்கள்."

இத்தனை வருஷம் இதை நிரூபிக்க முடியாமல் எத்தனை பேர் வெறுங்கையோடு வெளியே போயிருப்பார்கள்! உண்மையைச் சொன்னால், இந்த ஒரு இடத்தில் எனக்கு நோட்டேக்கர் மேல் கோபமே வரவில்லை. தவறு பதிவானதுதான் பிரச்சினை என்று பேசுகிற மேனேஜர்களைப் பார்த்தால்தான் வருகிறது. அவர்களுக்கு மட்டும் இந்தக் கையேட்டை முழு மனதோடு சிபாரிசு செய்கிறேன்: எல்லாக் கேலிப்ரேஷனையும் பதிவு செய்யுங்கள், நல்ல மைக்காக வாங்கி வையுங்கள்.

மற்றவர்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கால் தொடங்கும் முன் ஆட்கள் சேர்கிற ஐந்து நிமிஷத்தில் யாராவது ஒருவர், "அப்பாவுக்கு டயாலிசிஸ், அதான் நேத்து வரல" என்பார். சுருக்கத்தில் அது "தனிப்பட்ட தகவல்கள்" என்ற தலைப்பில் முதலாவதாக நிற்கும். அடுத்த பிராஜெக்டுக்கு ஆள் எடுக்கிறவர், தேடும் பெட்டியில் அவர் பெயரைத் தட்டினால் அதுவும் வந்து விழும். அவர் சொன்னது பக்கத்து சீட்டுக்காரரிடம்.

அழித்துவிட்டோம் என்று சொல்லுங்கள்

கேள்வி வந்தால், "நாங்கள் எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டோம்" என்று துணிந்து சொல்லலாம். வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு டெலீட் செய்திருந்தால் இன்னும் நல்லது; ஆதாரத்தை அழித்ததாகத் தனியாக ஒரு குற்றச்சாட்டு சேரும். உங்கள் பக்கம் அழிந்தாலும் வெண்டர் பக்கம் அழிந்ததா என்பது வேறு கதை. 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்துவிட்ட சாட்ஜிபிடி உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கும்படி ஓப்பன்ஏஐக்கு அமெரிக்க கோர்ட் உத்தரவிட்டது. செப்டம்பர் கடைசி வரை அந்தக் கட்டாயம் நீடித்தது. டெலீட் அழுத்தியவர்களுக்கு அந்த வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

நோட்டேக்கர் வாங்கப் பணமில்லை என்றால் சாம்சங் வழி இருக்கிறது. 2023-இல் அங்கே ஒரு ஊழியர் மீட்டிங் பதிவை எழுத்தாக்கி, மினிட்ஸ் போட்டுத் தா என்று சாட்ஜிபிடியில் ஒட்டினார். இன்னும் சிலர் தங்கள் பங்குக்கு செமிகண்டக்டர் பிரிவின் கோடையே ஒட்டியிருந்தார்கள். மே மாதமே கம்பெனி அந்த மாதிரிக் கருவிகளுக்குத் தடை போட்டது. 2025 ஜனவரியில் நம் நிதி அமைச்சகமும் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தொடக்கூடாது என்று தன் ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. தடை போட்டால் ஊழியர்கள் சொந்த போனில் செய்வார்கள். அது உங்களுக்கு இன்னும் வசதி, எங்கே போனதென்று தேடவே முடியாது.

கணக்கு யார் பேரில்?

கடைசியில் ஒருநாள் கோர்ட்டில் அந்த டிரான்ஸ்கிரிப்டை ஆதாரமாகக் காட்ட நீங்களே ஆசைப்படலாம். கிளையன்ட் ஒப்புக்கொண்டது அதில் இருக்கும். மின்னணு ஆவணம் என்றால் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். இரண்டு பாகம். ஒன்றில் கருவியைக் கையில் வைத்திருந்தவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து, கோப்பின் ஹேஷ் மதிப்பு வேறு. ஐ.டி. டீமைக் கூப்பிட்டு இது யார் கணக்கில் ஓடியது என்று கேட்பீர்கள். அவர்கள் அப்படி ஒன்று கம்பெனியில் ஓடியதையே அன்றுதான் கேள்விப்படுவார்கள்.

தேடிப் பார்த்தால், இரண்டு வருஷத்துக்கு முன் இலவசத் திட்டத்தில் சேர்ந்தவர் ஒரு டிரெய்னி. அவர் இப்போது எதிர்க் கம்பெனியில். ஆபீஸ் மெயிலை அவர் போன அன்றே மூடினார்கள், ஆனால் நோட்டேக்கர் கணக்கை நடுவில் ஒருநாள் சொந்த ஜிமெயிலுக்கு மாற்றி வைத்திருந்தார். திங்கட்கிழமை வாராந்திர காலின் லிங்க் இன்றுவரை மாறவில்லை. அவர் பெயரிலேயே அது வந்து, லாபியில் நின்று, ஹோஸ்ட் உள்ளே விட, உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவரிடம் லேப்டாப், ஐடி கார்டு, ஹெட்செட், லாக்கர் சாவி எல்லாம் வாங்கிக்கொண்டு டிக் அடிக்கிற பட்டியல் ஹெச்.ஆரிடம் இருக்கிறது. அதில் நோட்டேக்கர் என்று ஒரு வரி கிடையாது. சேர்க்காதீர்கள்.